பிள்ளை உறங்கும் நிழல்

கத்திரி வெயில் தொடங்கிய அன்று மத்தியானம், அளத்தங்கரையில் மரியபுஷ்பத்தின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கறுப்புப் படத்திலிருந்து நிழல் இறங்கியது. ஓட்டைக் குடத்திலிருந்து தண்ணீர் கசிவது மாதிரி முதலில் சட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு கோடாகத் திரண்டு, சுண்ணாம்புச் சுவரில் வழிந்து, சிமெண்டுத் தரையைத் தொட்டு, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு பாயில் கிடந்த அவள் புருசன் சிலுவைமுத்துவின் கால்வரைக்கும் ஊர்ந்து, காலில் ஏறி, முழங்காலில் ஏறி, நெஞ்சில் ஏறி அவரைப் போர்வையாக மூடியது. அளத்திலிருந்து அப்போதுதான் வந்து காலில் அப்பியிருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் அதைப் பார்த்தாள். "என்னங்க, நெழலு வருது. கொஞ்சம் தள்ளிப் படுங்க, எனக்கும் எடம் வேணும்லா" என்றாள்.

அவர் தள்ளிப் படுத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருக்க, கீழே அந்த நிழலுக்குள் மழைக்காலத்துக் கிணற்றடிபோலச் சில்லென்று இருந்தது.

அளத்தங்கரையில் எது கிடைத்தாலும் நிழல் மட்டும் கிடைக்காது. அங்கே மரம் வைத்தால் உப்புக்காற்று அதைத் துளிரிலேயே கருக்கிவிடும், எங்கேயும் முளைக்கிற உடைமரம்கூட அந்த ஊரில் இடுப்புயரத்தோடு போதும் என்று நின்றுவிடும், வீடுகளைத் தாண்டி நாலு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம், வெயில் மேலேயிருந்து ஒரு முறை விழும், உப்பில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு முறை எழும்பும், இரண்டுக்கும் நடுவில் நின்று உப்பு வாருகிறவர்களின் கண் முதலில் நீர் வடிக்கும், பிறகு சிவக்கும், பிறகு ஒருநாள் தன் வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும். சிலுவைமுத்துவின் கண் அப்படித்தான் நின்றது. ஓரங்கள் தெரியும், நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். எதிரே நிற்கிற ஆளின் காது தெரியும், தோள் தெரியும், முகம் தெரியாது. பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனபிறகு அவர் பேச்சையும் குறைத்துக்கொண்டார். கேட்டால் 'ம்' என்பார், சாப்பாடு வைத்தால் 'வை' என்பார், அவ்வளவுதான்.

அந்தப் படம் வந்த கதை சின்னது. பழைய சாமியார் பங்களாவை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, அங்கே பரணிலும் சுவரிலும் இருந்ததையெல்லாம் விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பங்குச்சாமி ரெக்ஸ் அடிகளார் சொல்லிவிட்டார். சிவப்பும் நீலமுமாகப் பளபளத்த படங்கள் முதலில் போயின, அப்புறம் மர நாற்காலிகள் போயின, விளக்குகள் போயின, கடைசியில் யாரும் சீந்தாமல் இது ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. நிறமே இல்லாத படம். முழுக்கக் கறுப்பு, பூனைக்குட்டியின் வயிற்று மயிர்போல மெத்தென்ற கறுப்பு. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறவன் கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிகிற மாதிரி, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு தாயின் நெற்றி, பிறகு அவள் குனிந்த கழுத்து, பிறகு அவள் மடியில் உறங்குகிற பிள்ளையின் கன்னம், அதன் மூடிய இமை. அவ்வளவுதான் வெளிச்சம். மரியபுஷ்பம் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் கண்ணில் இருந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. அதனால் எடுத்துக்கொண்டாள்.

"கறுத்த படத்த வீட்டுல மாட்டுதியளே மைனி, வெளங்குமா?" என்று அப்போது கேட்டவள் அடுத்த வீட்டு மெத்தில்டா. நிழல் இறங்கிய மறுநாள், தீப்பெட்டி கேட்டு வந்து, வாசலில் நின்று பார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்து, தீப்பெட்டியை மறந்து, சாயங்காலம்வரைக்கும் எழுந்திருக்காதவளும் அவளேதான். அதற்கு அடுத்த நாள் மாசமாக இருந்த தன் மருமகள் ஜெனிற்றாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். அப்புறம் வந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

நிழலும் ஆளுக்குத் தகுந்த மாதிரி வளர்ந்தது. அறை நிறைந்ததும் நடையில் இறங்கியது, நடை நிறைந்ததும் தெருவுக்கு வந்தது, தெருவில் வேலிவரைக்கும் விரிந்து, உச்சிப்பொழுதில் வந்து பொழுது சாய்கையில் வற்றியது. அந்த நிழலில் ஒரு விசேஷம் இருந்தது. அது ஒன்றையும் மறைக்கவில்லை. வெயிலில் உப்புப் பூத்து, காய்ந்து, ஒன்றுபோல வெளுத்துப் போயிருந்த முகங்கள் அதற்குள் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக உள்ளிருந்து துலங்கின, கன்னத்தில் ஒன்று, மூக்குநுனியில் ஒன்று, கையிடுக்கில் ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வெளிச்சம் வைத்தமாதிரி. சண்டை போட்டுப் பேசாமலிருந்த அண்ணன் தம்பிகள் எதிரெதிரே உட்கார்ந்து, இவன் இத்தனை அழகாகவா இருந்தான் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். உப்பு லாரி ஓட்டுகிற காதர் மைதீன் அந்தத் தெருவைத் தாண்டும்போது எஞ்சினை அணைத்துத் தள்ளச் சொன்னார். இசக்கியம்மன் கோயில் பூசாரி வந்து செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு ஓரமாகப் படுத்துத் தூங்கினார். கோழிகள் பொழுது அடைந்துவிட்டதென்று மத்தியானத்திலேயே கூண்டுக்குப் போயின, மெத்தில்டா தகர டப்பாவில் வளர்த்த மல்லிகை நட்டநடுப்பகலில் பூத்து மணத்தது, அதைப் பறித்து மத்தியானத்தில் தலையில் வைத்துக்கொள்வது அந்த ஊர்ப் பெண்களுக்கு வழக்கமாயிற்று.

ரெக்ஸ் அடிகளார் வந்து பார்த்தார். இதை மேலிடத்துக்குச் சொல்லவேண்டுமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தவர் குறட்டை விட்டார். எழுந்தபிறகு, "வெயில்ல கெடக்குறவனுக்கு நெழல் கெடச்சா அதுக்கு விசாரணை எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிலுவைமுத்து பேசத் தொடங்கினார். ஒரு மத்தியானம் மரியபுஷ்பம் விசிறிக்கொண்டிருந்தபோது, தலையைத் திருப்பி அவளையே பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு நெத்தியோரம் நரச்சிருக்கு."

அவள் விசிறியைக் கீழே வைத்தாள். "தெரியுதா?"

"நெத்தி தெரியுது. மூக்குத்தி தெரியுது. அழுதியாக்கும், அதும் தெரியுது."

அந்த நிழலுக்குள் இருக்கிறவரைக்கும் அவர் கண்ணுக்கு நடுவில் தொங்கிய வெள்ளைத் துணி விலகி நின்றது. வெளியே போனால் மறுபடி விழும். அதனால் என்ன, தினமும் ஒரு மத்தியானம் போதாதா? கல்யாணமான புதிதில் பேசியதுபோல அவர் பேசினார், யாரைப் பார்த்தாலும் முகத்தில் இருப்பதையெல்லாம் விட்டுவிடாமல் சொன்னார், தெருவே சிரித்தது. கங்காணி பொன்னுலிங்கத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் லாரியில் உப்பு ஏற்ற ஆள் வரமாட்டேன் என்கிறதென்று தெருமுனையில் நின்று கத்துவார், நிழலின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளியே நிற்பார், உள்ளே மட்டும் கால் வைக்க மாட்டார்.

ரெக்ஸ் அடிகளார் தன் கைப்பேசியில் எடுத்து யாருக்கோ அனுப்பிய படம் யார் யார் கையிலோ மாறி, சென்னையில் அருங்காட்சியகம் ஒன்றில் பழைய அச்சுப் படங்களைப் பார்த்துக்கொள்கிற வைதேகி என்ற அம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தது. வெயிலில் முகம் கன்றிப்போய் வந்து இறங்கியவளை மரியபுஷ்பம் நிழலில் உட்காரவைத்து நீராகாரம் கொடுத்தாள். குடித்து முடித்து நிமிர்ந்து படத்தைப் பார்த்த வைதேகி, சொம்பை இறக்கி வைக்க மறந்து, அதை மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது என்னன்னு உங்களுக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லு தாயி."

அது மெஸ்ஸோடிண்ட் என்ற வகை என்று அவள் சொன்னாள். இத்தாலியில் ஒரு கோயில் சுவரில் யாரோ ஒரு பெரிய ஓவியன் வரைந்த படத்தைப் பார்த்து, அவனுக்கு ரொம்பப் பிந்திப் பிறந்த இன்னொருவன் செப்புத்தகட்டில் செய்து தாளில் அச்சடித்தது. மற்றப் படங்களையெல்லாம் வெள்ளைத் தாளில் கறுப்பால் வரைவார்கள், இதில் அப்படியில்லை. முதலில் தகடு முழுக்கப் பல்லுள்ள இரும்பால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள், அப்போது மை பூசி அடித்தால் வெறும் இருட்டுதான் வரும். அந்த இருட்டுக்குள்ளிருந்து எங்கே நெற்றி வேண்டுமோ, எங்கே கன்னம் வேண்டுமோ, அங்கே மட்டும் சுரண்டித் தேய்த்து வெளிச்சத்தை வெளியே எடுப்பார்கள். தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் முதலில் அடித்த சில தாள்களில்தான் இந்த ஆழமான கறுப்பு இருக்கும், அதிலும் இப்படி ஒன்று மிச்சமிருப்பது அபூர்வம்.

"அப்போ இருட்டுதான் மொதல்ல, புள்ள அப்புறமா?" என்றாள் மரியபுஷ்பம்.

"ஆமாக்கா. அந்த இருட்டுக்குள்ளதான் பிள்ளை இருக்கு." அவள் கைப்பேசியை எடுத்து, அடிகளார் அனுப்பிய படத்தைக் காட்டினாள். "இதையும் அதையும் பாருங்க."

மரியபுஷ்பம் பார்த்தாள். கைப்பேசியில் இருந்த கறுப்பு சுவரில் இல்லை. சுவரில் இருந்தது சாம்பல். தாயின் தோளுக்குப் பின்னால் இருட்டாக இருந்த இடத்தில் தாளின் வெள்ளை எட்டிப்பார்த்தது. நிழல் இறங்க இறங்கப் படத்தில் என்ன குறைகிறதென்று அந்தத் தெருவில் அதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை.

"இறங்கி வர்றது அதோட கறுப்புதான். இப்படியே போனா ஆவணிக்குள்ள வெறும் தாள்தான் இருக்கும்" என்றாள் வைதேகி. "எங்க இடத்துல வெளிச்சம் படாத, குளிர்ந்த அறை இருக்கு. கொண்டுபோய் வெச்சா மேற்கொண்டு வெளுக்காது. ஆனா உங்க வீட்டுப் படம். நீங்க சொல்றதுதான்."

தூத்துக்குடியில் தங்கியிருப்பதாகவும், யோசித்துச் சொல்லும்படியும் சொல்லிவிட்டு அவள் போனாள். மரியபுஷ்பம் ஸ்டூல் போட்டு ஏறி, படத்துக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தாள். முன்பு பிள்ளையின் இமை பூவிதழ்போல மூடியிருக்கும். இப்போது அது இறுகியிருந்தது, புருவம் நெரிந்திருந்தது, கூச்சத்தில் முகத்தைத் தாயின் வயிற்றுப் பக்கம் திருப்பப் பார்த்தது. மடியில் இருந்த தாயின் வலதுகை மேலே வந்து பிள்ளையின் நெற்றிக்கு மேல் விரிந்து நின்றது. அந்தக் கையை மரியபுஷ்பத்துக்குத் தெரியும். அளத்தங்கரையில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். வரப்பில் இரண்டு கம்பை நட்டு, சேலையைக் கட்டி, அதன் கீழே பிள்ளையைப் போட்டுவிட்டு உப்பு வாருவார்கள், காற்று சேலையைத் தூக்கும்போதெல்லாம் ஓடிவந்து பிள்ளையின் கண்ணுக்கு மேலே பிடிக்கிற கை அது.

அவள் தெருவைக் கூட்டினாள். ஒவ்வொருவராக ஸ்டூலில் ஏறிப் பார்த்து இறங்கினார்கள். கடைசியில் மெத்தில்டாதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளைப் பார்த்தபடி, "அது படம் மைனி. இவ உசுரோட இருக்கா. இந்த வெயில் தாண்டுற மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். அது நியாயம்தான் என்று பாதிப் பேருக்குப் பட்டது. மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஜெனிற்றா மட்டும், "எனக்கு வேண்டாம் அத்தே. அது முழிச்சிரும்" என்றாள்.

மரியபுஷ்பம் புருசனைப் பார்த்தாள். நிழல் நின்றால் யாரைவிடவும் அதிகம் இழப்பது அவர்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நிழல் சீக்கிரமே வற்றிவிட்டது, மேற்கு வெயில் வாசல் வழியாக நீளமாக உள்ளே நுழைந்து, தரையைக் கடந்து, சுவரில் ஏறி, படத்தை நோக்கிப் போனது. தாயின் கால் நனைந்தது, மடி நனைந்தது. சிலுவைமுத்து எழுந்தார். தடவித் தடவிப் போய், படத்துக்கும் வாசலுக்கும் நடுவில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேறொன்றும் யோசித்து அவர் செய்யவில்லை, பிள்ளையின் முகத்தில் வெயில் விழுந்தால் குறுக்கே போய் நிற்பது அந்த ஊரில் கையும் காலும் தானாகச் செய்கிற காரியம். அவருடைய நிழல் நீண்டு சுவரில் எழும்பிப் படத்தின் மேல் விழுந்தது. விழுந்த நிழலைத் தாள் குடித்தது. காய்ந்த மண் முதல் மழையைக் குடிக்கிற மாதிரி, தலையைக் குடித்து, தோளைக் குடித்து, இடுப்பைக் குடித்து, காலடிவரைக்கும் உறிஞ்சிக்கொண்டது. தாயின் தோளுக்குப் பின்னால் கை அகலத்துக்கு மறுபடி கறுப்பு வந்தது.

அவர் விலகியபோது தரையில் அவருக்கு நிழல் இல்லை.

"நோவுதா?" என்று கேட்டாள் மரியபுஷ்பம்.

"இல்ல புள்ள. சட்டயக் கழத்துன மாரி இருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தன நாளும் பச்சப்புள்ள நெழல்லயா படுத்துக் கெடந்தோம். எடுத்தத வெக்கணும்லா."

அடுத்து மரியபுஷ்பம் நின்றாள். அப்புறம் ஜெனிற்றா வந்தாள். வயிற்றுப்பிள்ளையோடு சேர்ந்த அவள் நிழல் உள்ளே போனபோது, படத்தின் பிள்ளை நெரித்த புருவத்தை விட்டது. மெத்தில்டா அழுதுகொண்டே வந்து நின்றாள். மறுநாள் பொழுதிறங்கும் வேளையில் தெரு முழுக்க வரிசை நின்றது, அதற்கு மறுநாள் பக்கத்துத் தெரு, அப்புறம் பூசாரி, அப்புறம் காதர் மைதீன், அங்கியோடு ரெக்ஸ் அடிகளார், நிழலில் ஒருநாளாவது உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு முதுகாகக் காட்டி நின்று, கொடுத்துவிட்டு, மிட்டாய் வாங்கிய பிள்ளைகள்போல ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மரப்பெட்டியும் பஞ்சுமாகக் காரில் வந்து இறங்கிய வைதேகி, வரிசையைப் பார்த்தாள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது படம் முழுக்கக் கறுத்துவிட்டிருந்தது. தாயின் கை இறங்கி மடிக்கு வந்திருந்தது. பிள்ளை நன்றாக உறங்கியது.

"ஒங்க எடத்துல வெயில் வராதுல்லா?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"வராதுக்கா."

"அப்போ கூட்டிட்டுப் போ. இந்தச் சொவத்துல மேக்கு வெயிலு விழும், பிள்ளைக்கு ஆகாது." ஆணியிலிருந்து அவளே கழற்றி, பெட்டியில் வைத்து, பஞ்சை ஓரத்தில் இழுத்துவிட்டாள். கார் போனபிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். வைதேகி நிழல் இல்லாமல் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தாள், அங்கே அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்தக் கோடை மிச்சமும் கொடுமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் இறங்குகிற நிழல் இல்லை, சிலுவைமுத்துவுக்கு மறுபடி முகங்கள் தெரியவில்லை. ஆனால் பேச்சு நின்றுபோகவில்லை, பார்த்து வைத்த முகங்கள் அவரிடம் இருந்தன. நிழலுக்குப் பழகிய உடம்பு ஒருமுறை பழகியதை விடாது என்பதும் ஊருக்குத் தெரிந்தது. மழைக்காலம் முடிந்து, தை பிறந்து, அளத்தில் மறுபடி வேலை தொடங்கிய முதல் நாள், உச்சிப்பொழுது ஏறியதும் எல்லாரும் வாருபலகைகளை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். உட்கார ஒரு கூரை வேண்டும், பிள்ளைகளைப் போட ஒரு கூரை வேண்டும், அதுவரைக்கும் எழுந்திருப்பதாக இல்லை.

"வேலையப் பாருங்க! இங்க என்ன மாநாடா?" என்று பொன்னுலிங்கம் குடை பிடித்தபடி கத்திக்கொண்டே வந்தார். பாதியில் நின்றார். வெயில் தலைக்கு மேலிருந்து மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது, குடைக்கு நிழல் இருந்தது, பலகைகளுக்கு நிழல் இருந்தது, வெள்ளை உப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை மனிதர்களில் ஒருவருக்கும் இல்லை. அவர்கள் எழுந்திருக்கவில்லை, திட்டவுமில்லை, அவரையே பார்த்தார்கள். பொன்னுலிங்கம் தன் காலடியைப் பார்த்தார். அங்கே அவருடையது மட்டும் தனியாக, கறுப்பாக, அசிங்கமாகக் கிடந்தது. அவர் குடையை மடக்கினார். முதலாளியிடம் போய் என்ன சொன்னாரோ, மூன்று பொழுது கழியுமுன் கம்புகளும் கீற்றும் வந்து இறங்கின. கூரை ஏறியதும் உள்ளே முதல் தொட்டில் ஜெனிற்றாவின் மகளுக்குக் கட்டப்பட்டது. தொட்டில்களைப் பார்த்துக்கொள்ள சிலுவைமுத்துவை உட்காரவைத்தார்கள். கயிற்றை ஆட்டக் கண் எதற்கு?

பெண்களுக்கு ஒரு பயம் மட்டும் இருந்தது, வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். வயிற்றில் இருக்கும்போதே தாயோடு சேர்ந்து நிழலைக் கொடுத்துவிட்ட பிள்ளை அது. தொட்டிலில் கிடக்கிறவரைக்கும் கூரையின் நிழல்தான் அதற்கும் நிழல், பிரித்துப் பார்க்க வழியில்லை. வெயிலில் தூக்கிப்போனால் சேலையால் மூடித்தான் தூக்கிப்போவார்கள், அந்தப் பயத்தில் யாரும் சேலையை விலக்கிப் பார்க்கவுமில்லை. அப்படியே வைகாசி போயிற்று, ஆடிக்காற்று போயிற்று.

ஆவணியில் ஒரு மத்தியானம் பிள்ளை கீற்றுக்கொட்டகையின் கம்பைப் பிடித்து எழுந்து நின்றது. ஒரு கையை விட்டது. மற்றக் கையையும் விட்டது. ஜெனிற்றா பாத்தியிலிருந்து பார்த்து "ஏ பிடிங்க, பிடிங்க மாமா" என்று அலறிக்கொண்டு ஓடிவருவதற்குள், அது தள்ளாடித் தள்ளாடி நடந்து, கூரையின் எல்லையைத் தாண்டி, உச்சி சாய்ந்த வெயிலில், கண்ணைப் பறிக்கிற வெள்ளை உப்பின்மேல் போய் நின்றது. அதன் காலடியிலிருந்து ஒரு நிழல் விழுந்தது. அளத்தங்கரையில் யாரும் பார்த்திராத கறுப்பு, மெத்தென்ற, அடியில்லாத கறுப்பு, பிள்ளையைவிடக் கொஞ்சம் நீளமாக. பாத்திகளில் நின்ற பெண்கள் பலகைகளைப் போட்டுவிட்டுக் குலவையிட்டார்கள், குலவை ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்கு ஏறி, அளம் முழுக்கப் பரவிக் கடல்வரைக்கும் போனது.

சிலுவைமுத்து கூரைக்கு வெளியே வந்துவிட்டிருந்தார். வெயில் அவர் கண்ணில் வெள்ளை வெள்ளையாக வந்து விழுந்தது. மரியபுஷ்பம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "பாத்து, கால வச்சிராதிய. பிள்ள ஒங்க முன்னாலதான் நிக்கி."

"கையை விடுட்டி" என்றார் அவர். குனிந்து, தடவாமல், நேராகக் கையை நீட்டிப் பிள்ளையை அள்ளி எடுத்தார். "அதான் இவ்வளவு கறுப்பா நிக்காளே. எனக்குத் தெரியாமலா?"